மைக் அண்ணன் ஜெர்மன் படித்த கதை

உலகத்தில் ஜெர்மன் மொழியைக் கற்றுக்கொண்டவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அந்த மொழியையே கொஞ்சம் நடுங்க வைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் மலேசியக் கிள்ளான்காரர். பெயர் மைக் அண்ணன்.

அது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவர் மகளின் கல்யாணப் பத்திரிகையில் வேறு ஏதோ நீளமான பெயர் இருந்தது, படித்தேன், மறந்துவிட்டேன். கிள்ளான் வட்டாரத்தில் கல்யாணமோ, காதணி விழாவோ, கோயில் திருவிழாவோ, மேடை ஓரத்தில் நின்று அறிவிப்பவர் அவர்தான். நாற்காலி, ஸ்பீக்கர், விளக்கு எல்லாம் அவர் கடையிலிருந்து வாடகைக்குப் போகும். குரல் மட்டும் இலவசம். "மணமகன் வீட்டார் தயவுசெய்து மேடைக்கு வரவும்" என்று அவர் கிள்ளானில் சொன்னால், பக்கத்து ஊர் காப்பாரில் எந்தக் கல்யாணத்திலோ இருக்கும் மணமகன் வீட்டாரும் எழுந்து நிற்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. மிகைதான். ஆனால் பெரிய மிகை இல்லை.

நான் அவரைச் சந்தித்தது பிரிக்பீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில். சனிக்கிழமை காலையில் அங்கே ஜெர்மன் ஆரம்ப வகுப்பு நடக்கும். நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. ஷா ஆலாமில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு ஜெர்மனியிலிருந்து ஓர் இயந்திரம் வந்து இறங்கியது. கோளாறு வந்தால் அது தன் திரையில் ஜெர்மனில் திட்டும். யாராவது ஒருவர் அந்த மொழியைப் படித்துவிட்டு வர வேண்டும் என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தபோது, ஆளுக்கொரு காரணம் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். என் வாயில் கறிபாப் பலகாரம் இருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வகுப்பில் பெரும்பாலும் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகவிருந்த இளம் தாதியர். ஆசிரியை வித்யா அங்கே பொறியியல் படித்துவிட்டுத் திரும்பியவர், முப்பதைத் தொடாதவர், மெல்லிய குரல். முதல் நாள் அவர் "இஹ் ஹைஸெ வித்யா" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, என் பெயர் இன்னது என்று ஒவ்வொருவரும் இப்படியே சொல்ல வேண்டும் என்றார். நாங்கள் எல்லாரும் தொண்டைக்குள்ளேயே சொல்லி முடித்தோம்.

கடைசி வரிசையில், வெள்ளைச் சட்டைப் பையில் பேனாவும் சீப்புமாக உட்கார்ந்திருந்த ஒரு கனத்த மனிதர் எழுந்தார். வலது கையை முஷ்டியாக்கி வாயருகே கொண்டுபோய், இடது கை விரலால் அதை இரண்டு தட்டு தட்டினார்.

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஐன்ஸ், ட்ஸ்வை, டிரை! மைனெ டாமென் உண்ட் ஹெரென்! இஹ் ஹைஸெ... மைக்!"

சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பெரியோர்களே தாய்மார்களே என்பதற்கு ஜெர்மனில் என்ன என்பதை மட்டும் எங்கேயோ கேட்டுத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். சற்று நேரத்தில் கீழ்க்கடைப் பணியாளர் ஒருவர் மூச்சிரைக்க மாடியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

"மேல ஏதும் பங்ஷனா அண்ணே? எத்தன இலை போடணும்?"

அன்றிலிருந்து வகுப்பு ஆரம்பித்தது என்பதைக் கீழே சாப்பிட வருகிறவர்களும் தெரிந்துகொண்டார்கள்.

ஜெர்மன் படிக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் சில எழுத்துகளின் தலையில் இரண்டு புள்ளி இருக்கும். நம் மெய்யெழுத்துப் புள்ளி மாதிரி அமைதியான புள்ளி இல்லை அது. "வாய்க்குள்ள ஈ சொல்லுங்க. சொல்லிக்கிட்டே உதட்ட மட்டும் ஊ மாதிரி குவிங்க" என்று வித்யா சொல்லிக்கொடுத்தார். நாங்கள் செய்து பார்த்தோம், சிரித்தோம், விட்டுவிட்டோம். மைக் அண்ணன் விடவில்லை. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருகிற வழியெல்லாம் பயிற்சி செய்தார். உதட்டைக் குவித்தபடி எதிர் இருக்கையைப் பார்த்து ஒருவர் ஊளையும் இல்லாத விசிலும் இல்லாத ஓர் ஒலியைத் தொடர்ந்து எழுப்பிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? எதிரே இருந்த பெண்மணி எழுந்து பெண்கள் பெட்டிக்குப் போய்விட்டார். ரயில் ஊழியர் ஒருவர் வந்து குனிந்து, "பாக்சிக், ஓகே கே?" என்று, பெரியவரே நல்லா இருக்கீங்களா என்று மலாயில் பரிவோடு விசாரித்தாராம்.

"நான் என்ன சொல்றது தங்கச்சி? ஜெர்மன் படிக்கிறேன்னு சொன்னேன். அவரு தண்ணி வாங்கிக் கொடுத்துட்டுப் போனாரு" என்றார்.

ஆனால் அந்தப் புள்ளியெழுத்து அவருக்குத்தான் வந்தது. எங்களில் வேறு யாருக்கும் வரவில்லை.

அடுத்தது பால் பிரச்சினை. ஜெர்மனில் உயிரில்லாத பொருளுக்கும் ஆண், பெண், இரண்டிலும் சேராத மூன்றாவது என்று பாகுபாடு உண்டு. ஆணுக்கு முன்னால் டெர், பெண்ணுக்கு முன்னால் டீ, மூன்றாவதற்கு டாஸ். கரண்டி டெர். முள்கரண்டி டீ. கத்தி டாஸ்.

மைக் அண்ணன் கையைத் தூக்கினார். "டீச்சர்மா, ஒரே மேசையில ஒண்ணா கெடக்குற சாமான். இதுல யாரு ஆம்பள யாரு பொம்பளன்னு எவன் போயிப் பாத்தான்?"

"அதுக்குக் காரணம் எல்லாம் கிடையாது அங்கிள். மனப்பாடம்தான்."

"சரி. பொண்ணுக்கு என்ன?"

வித்யா தயங்கினார். "சின்னப் பொண்ணுக்கு மேட்ஷன். அது... டாஸ்."

மைக் அண்ணன் மெதுவாக எழுந்தார்.

"முள்கரண்டி பொம்பள. பொண்ணு பொம்பள இல்ல. நான் ஒரு பொண்ணப் பெத்தவன் டீச்சர்மா. இதுக்கு நான் எங்க போயி புகார் கொடுக்கணும்?"

செல்லமாகச் சுருக்கிச் சொல்லும் எந்தச் சொல்லும் டாஸ் ஆகிவிடும், அதனால்தான் என்று வித்யா விளக்கினார். செல்லம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் பாதி சமாதானமானார். "அப்ப சரி. செல்லம் கொடுத்தா எல்லாம் கெட்டுத்தான் போகும்" என்று உட்கார்ந்தார். ஆனால் அதே நாளில் மைக்குக்கும் டாஸ்தான் என்று தெரிந்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாதி ஆயுளாகக் கையில் பிடித்து நிற்கும் பொருள் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை என்றால் யாருக்குத்தான் வருத்தம் வராது?

இந்தப் பாகுபாட்டை மனத்தில் ஏற்ற அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கடையிலிருந்த எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் ஒட்டினார். டெர் என்றால் நீலம், டீ என்றால் சிவப்பு, டாஸ் என்றால் பச்சை. விளக்குகளுக்கெல்லாம் சிவப்பு. ஒயர்களுக்குப் பச்சை. வாடகை நாற்காலிகள் அத்தனைக்கும் நீலம்.

அந்த வாரம் அந்த நாற்காலிகள் காப்பாரில் ஒரு கல்யாணத்துக்குப் போயின. நீல ஸ்டிக்கரைப் பார்த்த ஓர் அம்மா, ஸ்பீக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மைக் அண்ணனிடம் கேட்டார்.

"தம்பி, இந்த டெர்னு போட்டிருக்கே, ரிசர்வ்டா?"

அவர் நிமிராமலே உண்மையைச் சொன்னார். "அது ஆம்பள அக்கா. டெர்னா ஆம்பள."

"அப்ப பொம்பளைங்களுக்கு?"

"பொம்பளைங்களுக்கு லைட்டு."

அந்த அம்மா போய் மற்றவர்களிடம் சொல்லிவிட்டார். கால் மணி நேரத்தில் மண்டபத்தின் ஆண்கள் எல்லாரும் வசதியாக உட்கார்ந்திருக்க, பெண்கள் எல்லாரும் பட்டுச் சேலையோடு சுவர் ஓரமாக, ஆளுக்கொரு விளக்கின் கீழ் நின்றுகொண்டிருந்தார்கள். பெண்ணின் தாயார் கோபத்தோடு வந்து, "யாரு போட்ட சட்டம் இது?" என்று கேட்ட பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. மைக்கை எடுத்தார்.

"தாய்மார்களே! நாற்காலி ஜெர்மனியிலதான் ஆம்பள. மலேசியாவுல அது வெறும் நாற்காலி. தைரியமா உக்காருங்க!"

உட்கார்ந்தார்கள். ஆனால் ஒரு சிலர் கடைசி வரைக்கும் கைக்குட்டை விரித்துத்தான் உட்கார்ந்தார்களாம்.

மொழி என்றால் துக்கம் மட்டுமா தரும்? இரண்டு சொல்லை ஒட்டி ஒரு சொல்லாக்கும் பாடம் வந்தது. லவுட் என்றால் சத்தம். ஷ்ப்ரெஹர் என்றால் பேசுகிறவர். இரண்டையும் சேர்த்தால் லவுட்ஷ்ப்ரெஹர், ஒலிபெருக்கி. "அங்கிள், இது டெர்" என்று வித்யா ஜாக்கிரதையாகச் சொன்னார்.

மைக் அண்ணன் எழுந்து எங்கள் எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தார். "சத்தமா பேசுறவன். ஆம்பள. இது பொருளே இல்ல டீச்சர்மா. இது நான்தான்!"

இன்னொரு நாள் வினைச்சொல் பாடம். ஜெர்மனில் 'ஏனென்றால்' என்று ஆரம்பித்துக் காரணம் சொன்னால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலப் பழக்கத்தில் வந்த தாதியர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். மைக் அண்ணனோ மேசையைத் தட்டினார்.

"கடைசியிலயா? நெசமாவா? என் மகள் ஜெர்மனியில் வசிக்கிறாள். வசிக்கிறாள், கடைசியில! அட, இவனுங்க நம்மாளுங்க லா!"

அன்று வகுப்பு முழுவதுக்கும் கீழ்க்கடையிலிருந்து ஆற்றிய பால் தேநீரான தே தாரேக்கும் வடையும் வரவழைத்தார். ஒரு மொழியின் இலக்கணத்தைக் கேட்டு ஒருவர் ஊருக்கு விருந்து வைத்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அதற்கடுத்த வாரம், ஒரே வினைச்சொல் இரண்டாக உடைந்து ஒரு துண்டு முன்னால் நிற்க, மறு துண்டு வாக்கியத்தின் கோடிக்கு ஓடிவிடும் பாடம் வந்தது. நான் திணறினேன். அவர்தான் என் பக்கம் சாய்ந்து, அவர் கணக்கில் ரகசியமாக, அதாவது எல்லாருக்கும் கேட்கும்படி, சொல்லிக்கொடுத்தார்.

"புருஷன் பொஞ்சாதி சண்ட போட்டுக்கிட்டு ஒரே கல்யாணத்துக்கு வேற வேற காடியில வர்றாங்கன்னு வச்சிக்க தங்கச்சி. அவரு முன் வரிசை, அந்தம்மா கடைசி வரிசை. ஆனா மொய்க் கவரு ஒண்ணுதான். அதே கேஸ்தான் இது."

எனக்கு அது இன்றுவரை மறக்கவில்லை.

இவ்வளவு பாடுபட்டு இவர் ஏன் இதைப் படிக்கிறார் என்று ஒருநாள் கீழ்க்கடையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். அவர் மகள் ரூபிணி தென் ஜெர்மனியில் பொறியியலாளர். கூட வேலை செய்யும் ஒரு ஜெர்மன் இளைஞரைத் திருமணம் செய்யவிருந்தாள். கல்யாணம் கிள்ளானில்.

"மாப்பிள்ள நல்ல பையன். இங்கிலீஷ் பேசுறான். எனக்குக் கொறையே இல்ல" என்றார். "ஆனா அவங்கம்மா இருக்காங்களே, சம்பந்தியம்மா, அவங்களுக்கு ஜெர்மன் மட்டும்தான். கிராமத்துல மாட்டுப் பண்ண வச்சிருக்காங்க. வீடியோ கால்ல நான் பேசுறேன், அவங்க பாக்குறாங்க. அவங்க பேசுறாங்க, நான் பாக்குறேன். மீன் தொட்டிக்கு ரெண்டு பக்கமும் நின்ன மாதிரி இருக்கு."

"சிரிச்சுப் பாத்தீங்களாண்ணே?"

"நான் சிரிச்சேன். அவங்க சிரிக்கல." தே தாரேக்கை ஆற்றுவதுபோல் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "எம் புள்ள அவ்ளோ தூரத்துல இருக்கா தங்கச்சி. ஒரு காய்ச்சல் தலவலின்னா இந்தம்மாதான ஓடி வரணும்? எம் பொண்ணப் பாத்துக்குங்கன்னு நான் ஒரு வார்த்த சொல்ல வேணாமா? அத இன்னொருத்தர் மொழிபெயர்த்துச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

அந்த ஒரு வார்த்தையைத் தன் சொந்த மேடையில், தன் சொந்த மைக்கில் சொல்ல வேண்டும் என்பதுதான் அவர் திட்டம்.

அந்தத் திட்டத்தில்தான் இடி விழுந்தது. கல்யாணம் நெருங்கிய சமயத்தில் ஒரு சனிக்கிழமை அவர் வகுப்புக்குள் வந்து, "குடென் மோர்கென்" என்று சாதாரண மனிதர்கள் சொல்வதுபோல் காலை வணக்கம் சொன்னார். நாங்கள் பயந்துவிட்டோம். தாதிகளில் ஒருத்தி அவர் நாடியைப் பிடித்தே பார்த்தாள். வித்யா சுடுதண்ணீர் கொண்டுவந்தார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல" என்றார். "ரூபிணி போன் பண்ணா. கல்யாணத்தன்னிக்கு நான் மைக்கத் தொடக்கூடாதாம். அறிவிக்க வேற எம்சி வச்சிட்டாளாம்."

"ஏன் அங்கிள்?"

"'எல்லார் வீட்டு விசேஷத்துலயும் நீங்க மேடை ஓரத்துல நின்னு அடுத்தது என்ன, அடுத்தது என்னன்னு பாத்துக்கிட்டே இருந்தீங்க. என் பள்ளிக்கூட விழாவுல கூட அம்மா தனியாத்தான் உக்காந்திருந்தாங்க. அன்னிக்கு ஒருநாள் நீங்க எம்சி இல்ல. அப்பா மட்டும்தான்'னு சொல்றா."

மகள் சொன்னது சரி என்பது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதுதான் கஷ்டம்.

சுடுதண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு அவரே சொன்னார். "சரி. மைக் இல்லாமலே போயி பக்கத்துல நின்னு சொல்லிட்டு வந்துடுறேன். ரெண்டே ரெண்டு வரி போதும் டீச்சர்மா."

வித்யா பலகையில் எழுதினார். முதல் வரி: என் மகள் ஒரு பரிசு. பரிசுக்கு ஜெர்மனில் கெஷெங்க். இரண்டாவது வரி: தயவுசெய்து அவளை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் அந்த உடைந்த வினைச்சொல் வேறு. இரண்டாவது வரியை அவர் ஒரே நாளில் பிடித்துவிட்டார். கெஷெங்க் மட்டும் பிடிபடவே இல்லை. ஒரு வாரம் கெஷிங்க், ஒரு வாரம் கெஞ்சங்க், ஒரு வாரம் அது கிட்டத்தட்ட ஒரு சீனச் சாப்பாட்டின் பெயர்போல் இருந்தது.

கல்யாணத்துக்கு எங்கள் வகுப்பு முழுவதும் போயிருந்தோம். மண்டப வாசலில் மைக் அண்ணன் பட்டு வேட்டியில், கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் பத்துப் பேர் இருக்கும். நடுவில் சம்பந்தியம்மா. நெடிய உருவம். யாரோ கட்டிவிட்ட ஊதா நிறச் சேலையில், மூச்சு விட்டால் அவிழ்ந்துவிடும் என்பதுபோல் விறைப்பாக வந்தார்.

"குடென் டாக்!" என்றார் மைக் அண்ணன், நல்ல நாள் என்று.

"க்ரூஸ் காட்" என்றார் அந்த அம்மா.

மைக் அண்ணன் திடுக்கிட்டு வித்யாவைப் பார்த்தார். "காட்னா சாமிதான டீச்சர்மா? நீங்க இதச் சொல்லிக்கொடுக்கலயே!"

"அவங்க ஊர்ப்பக்கம் வணக்கத்துக்கு அப்படித்தான் சொல்வாங்க அங்கிள்."

"சாமி பேரச் சொல்லியா கும்புடுறாங்க?" கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த அம்மாவும் அது இங்குள்ள மரியாதை போலும் என்று நினைத்துத் தன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சடங்குகள் ஆரம்பித்தன. ஏற்பாடு செய்யப்பட்டிருந்த எம்சி ஓர் இளைஞர். பாவம், நன்றாகவே பேசினார், தமிழிலும் ஆங்கிலத்திலும். முன் வரிசையில் சம்பந்தியம்மா ஒன்றும் புரியாமல், ஆனால் மரியாதை குறையாமல், நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கிய மைக் அண்ணன் அதைப் பார்த்தார். போய் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். குனிந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு, காதோடு காதாகச் சொன்னார்.

"டாஸ் இஸ்ட் ஃபாயர்! ஃபாயர் இஸ்ட் குட்!"

மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. இது நெருப்பு, நெருப்பு நல்லது என்பதுதான் அதன் பொருள். அவர் அளவில் அது கிசுகிசு.

அந்த அம்மா தலையசைத்தார். பிறகு நாதஸ்வரத்தைக் காட்டி ஏதோ கேட்டார். மைக் அண்ணன் சொல் கிடைக்காமல் கையை நீளமாக விரித்துக் காட்டி, "லாங்... லவுட்... ஸேர் லவுட்... குட்!" என்றார். நீளம், சத்தம், ரொம்பச் சத்தம், நல்லது. இளம் எம்சி இரண்டு முறை தொண்டையைச் செருமிப் பார்த்துவிட்டு, போட்டி போட்டுப் பயனில்லை என்று மைக்கை அணைத்துவிட்டார். தாலி எடுக்கப்பட்டது.

"யெட்ஸ்ட் டிரை க்னோட்டன்! டன் ஃபெர்டிஷ்!"

இப்போது மூன்று முடிச்சு, அப்புறம் முடிந்தது. மூன்று முடிச்சும் விழுந்தது. எல்லாப் பக்கமும் அட்சதை பறந்தது. மணப்பெண் குனிந்து தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தோம். நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, சிரித்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தாள். எம்சியிடம் போய் மைக்கை வாங்கினாள். மாலையோடு படியிறங்கி அப்பாவிடம் வந்தாள்.

"மைக் இல்லாமலே மைக்லதான் பேசிக்கிட்டிருக்கீங்க. இந்தாங்க. சுருக்கமா பேசணும், ஓகேவாப்பா?"

எத்தனையோ ஆயிரம் பேர் முன்னால் கூசாமல் நின்ற அந்த மனிதர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மைக்கைத் தட்டிப் பார்க்கக்கூட மறந்துவிட்டார்.

"மைனெ டொஹ்டர்... இஸ்ட் ஐன்..." என்றார். என் மகள் ஒரு... நின்றுவிட்டார்.

கெஷெங்க் போய்விட்டது. எங்கள் பக்கம் பார்த்தார். நான் வாயை அசைத்து, கெ-ஷெங்க், கெ-ஷெங்க் என்று காட்டினேன். நான் தும்மப் போகிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மண்டபமே அவர் வாயைப் பார்த்தது. திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. பரிசுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறதே!

"கிஃப்ட்!" என்று முழங்கினார். "மைனெ டொஹ்டர் இஸ்ட் ஐன் கிஃப்ட்! குடெஸ் கிஃப்ட்! ஃபில் கிஃப்ட்! ஃப்யூர் ஸீ அல்லெ!"

நல்ல கிஃப்ட், நிறைய கிஃப்ட், உங்கள் எல்லாருக்கும். அந்தக் கடைசி வரியில் இரட்டைப் புள்ளி எழுத்து ஒன்று இருந்தது. அதை அப்பழுக்கில்லாமல் உச்சரித்தார்.

ஜெர்மன்காரர்கள் பத்துப் பேரும் கல்லாகிவிட்டார்கள். மாப்பிள்ளை இருமினார். என் பக்கத்தில் வித்யா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"என்ன டீச்சர்? என்ன ஆச்சு?"

"அக்கா... ஜெர்மன்ல கிஃப்ட்னா விஷம்."

என் மகள் விஷம். நல்ல விஷம். நிறைய விஷம். உங்கள் எல்லாருக்கும்.

சம்பந்தியம்மா எழுந்தார். சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து, மைக் அண்ணனின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். அதே முகம், சிரிப்பே இல்லாத முகம். தட்டுத் தடங்கலின்றி ஜெர்மனில் நாலு வரி பேசினார். பத்துப் பேரும் வெடித்துச் சிரித்தார்கள். வித்யா சிரிப்பை அடக்கமாட்டாமல் எழுந்து நின்று எங்களுக்காக மொழிபெயர்த்தார்.

"அவங்க மகனும் விஷம்தானாம். பிறந்ததிலிருந்து அவங்க வீட்டுலதான் இருக்கானாம், அவங்க இன்னும் சாகலையாம். ரெண்டையும் ஒண்ணா கலந்து பாக்கலாம்னு சொல்றாங்க!"

சிரிப்பில் மண்டபத்தின் கூரையே அதிர்ந்தது. மைக் அண்ணன் மட்டும் ஒன்றும் புரியாமல், "என்ன? என்ன சொன்னாங்க?" என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார். மகள் அவர் காதில் சொன்னாள்.

"விஷமா!" என்று அலறினார். அதற்கு மைக்கே தேவைப்படவில்லை. அப்போதுதான் சம்பந்தியம்மாவும் சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை. கண்ணில் தண்ணீர் வர, சேலை நழுவ, பக்கத்திலிருந்த மைக் அண்ணனின் மனைவி ஓடிவந்து தோளில் பிடித்துக்கொள்ள, விக்கி விக்கிச் சிரித்தார். அண்ணியும் கூடவே சிரித்தார். "ஒவ்வொரு மொழியிலயும் இப்படித்தான் மானத்த வாங்குவாரு" என்று தமிழில் சொன்னார். சம்பந்தியம்மா "யா, யா" என்று ஒப்புக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் மைக் அண்ணன் இரண்டாவது வரியைச் சொன்னார். மைக்கில் இல்லை. அந்த அம்மாவைப் பார்த்து, சாதாரணக் குரலில்.

"பிட்டெ, பாஸன் ஸீ குட் அவுஃப் ஸீ அவுஃப்."

உடைந்த வினைச்சொல்லின் மறு துண்டு தவறாமல் கடைசியில் வந்து நின்றது. அந்த அம்மா அவர் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு, "மாஹ் இஹ்" என்றார். செய்கிறேன். வித்யா மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். மைக் அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு அந்த மைக்கை இளம் எம்சியிடமே கொடுத்துவிட்டு, சாப்பாட்டுப் பந்தியில் மனைவிக்கும் சம்பந்தியம்மாவுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தார். அடுத்தது என்ன என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பசியாற எங்களையும் வீட்டுக்கு அழைத்திருந்தார். ரொட்டிக்குத் தடவ வெண்ணெய் கேட்டபோது சம்பந்தியம்மா 'டெர்' வெண்ணெய் என்றார். வித்யாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. வெண்ணெய்க்கு 'டீ' அல்லவா என்று பணிவாகக் கேட்டார். எங்கள் ஊரில் டெர்தான் என்று அந்த அம்மா ஒரே போடாகப் போட்டார். மைக் அண்ணன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"பாத்தீங்களா டீச்சர்மா! அவங்களுக்குள்ளயே முடிவாகல! நம்மள மட்டும் மனப்பாடம் பண்ணச் சொன்னீங்களே!"

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் இருவருக்கும் வீடியோ கால். மாட்டுக்கு என்ன தீனி, கிள்ளானில் மழையா, ரூபிணி சாப்பிட்டாளா என்று பேச்சு போகும். அவர் இலக்கணம் இன்னும் திருந்தவில்லை. அந்த அம்மாவும் திருத்துவதில்லை. அவர் பேசும்போது கடைக்கு வருகிறவர்கள் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலி வாடகை விசாரிப்பார்கள்.

நான் ஒருவழியாகத் தேர்வில் தேறினேன். இயந்திரம் திட்டினால் இப்போது பதிலுக்குத் திட்டும் அளவுக்கு ஜெர்மன் வரும். போன வருடம் அச்சகம் என்னை ஜெர்மனிக்கே பயிற்சிக்கு அனுப்பியது. ஒரு பெரிய ரயில் நிலையத்தில் வண்டிக்காக நின்றேன். வண்டி தாமதம் என்று அறிவித்தார்கள். எல்லாம் புரிந்தது. உச்சரிப்பு சுத்தம், இலக்கணம் சுத்தம். அத்தனை பெரிய கூட்டத்தில் ஒருவர்கூடத் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு ஏனோ அந்த இடமே வெறிச்சென்று ஆகிவிட்டது.

கிள்ளானுக்குப் போன் போட்டேன்.

"தங்கச்சி! எங்க இருக்க?" என்று குரல் வந்ததும் பக்கத்தில் நின்ற இரண்டு ஜெர்மன்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். ஊர் வந்து சேர்ந்ததுபோல் இருந்தது.